பப்பாசித் தண்டு

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் வெருகலில் வந்து இறங்கினேன். அன்புவழிபுரத்தில் கடை அரிசி வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். நெல்லோடு ஒரே கூரையின் கீழ் படுப்பது எனக்குப் புதிது. பெரும்போக அறுவடை முடிந்திருந்தது. நடு அறையின் பாதியைப் பலகையால் அடைத்து, நெஞ்சளவுக்கு நெல் கொட்டியிருந்தார்கள். வீடெங்கும் புது நெல்லின் மணம்.

அந்த நெல்லின் நடுவில் ஒரு பப்பாசித் தண்டு குத்தி நின்றது.

இலையை வெட்டிவிட்டு நட்ட, உள்ளே குழலான வெறும் தண்டு. வாடிச் சாய்ந்திருந்தது. எலிக்கு இங்கே இப்படியும் ஒரு வைத்தியம் இருக்கும் போல என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். என் கணவர் சுலக்சன் வயலுக்கும் மாமி கோயிலுக்கும் போயிருந்த ஒரு மத்தியானம், அறையைக் கூட்டும்போது அதைப் பிடுங்கி வேலியோரம் எறிந்தேன். புது மருமகளின் துப்புரவு!

சற்று நேரத்தில் நெல் சரியும் சத்தம் கேட்டது.

எலிதான் என்று எட்டிப் பார்த்தேன். தண்டு நின்ற இடம் குழிந்திருந்தது.

குழி மெல்ல மேலே வந்தது. பிறகு இறங்கியது.

அடியில் யாரோ மூச்சுக்குத் தவிக்கிறார்கள்.

நான் அலறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். படலையைத் திறந்து வந்த மாமி என் முகத்தைப் பார்த்தார். வேலியோரம் கிடந்த தண்டையும் பார்த்தார். கையிலிருந்த திருநீற்றுச் சரை கீழே விழுந்தது. பப்பாசி மரத்தில் புதுத் தண்டொன்றை ஒடித்து, ஓடிப்போய் நெல்லுக்குள் குத்தினார்.

நெல் அடங்கியது.

"கஜந்தினி," என்றார் மாமி. "சுலக்சன்ட அக்கா. பதினாலு வயசு."

அக்கா காய்ச்சலில் போனவ என்றுதான் சுலக்சன் எனக்குச் சொல்லியிருந்தார்.

"சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை தா எண்டு வந்தாங்கள். நான்தான் இவளை நெல்லுக்குள்ள இருத்தி மூடி, மூச்சுக்கு இந்தத் தண்டைக் குடுத்தனான். நான் வந்து சொல்லுமட்டும் அசையாத எண்டனான். வந்தவங்கள் மழை விடட்டும் எண்டு இருந்திட்டாங்கள். அதில ஒருத்தன் சின்னப் பெடியன், இவளின்ர வயசுதான் இருக்கும். களைச்சுப்போய், சாக்கை விரிச்சு நெல்லுக்கு மேல படுத்திட்டான். தண்டு அவனுக்குக் கீழ நசிஞ்சு போச்சு."

மாமி நெல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எழும்பு தம்பி எண்டு சொல்ல ஏலாமப் போச்சு. சொன்னா, ஏன் எண்டு கிண்டிப் பாப்பாங்கள். ரெண்டு மணித்தியாலம் அவனுக்குப் பக்கத்திலேயே நிண்டனான், பிள்ளை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெடியனைத் திட்டவும் மனம் வரவில்லை. அவனை எந்த வீட்டில் இருந்து பிடித்து வந்தார்களோ!

"பிறகு சொன்னீங்களா மாமி? அவங்கள் போயிட்டாங்கள் எண்டு மச்சாளுக்கு?"

மாமி தலையாட்டி மறுத்தார். "சொன்னா எழும்பிப் போயிடுவாள். இந்த மூச்சையாவது இருபது வருசமா வச்சிருக்கன்."

"அவ இன்னும் பயந்துகொண்டெல்லோ கிடக்கிறா?"

தண்டின் வாயில் ஒட்டியிருந்த உமி ஒன்று மேலே எழும்பியது. உள்ளே இழுபட்டது. திரும்பவும் எழும்பியது. மாமி அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்து, தண்டில் வாயை வைத்தார்.

"போயிட்டாங்கள் மகள். எல்லாரும் போயிட்டாங்கள். வெளியில வா."

உமி விழுந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

மாமி தரையில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதார்.

மறுநாள் விடிந்ததும் தேத்தண்ணியோடு மாமியின் அறைக்குப் போனேன். நெல் அடைத்த பலகையிலிருந்து அந்த அறை வாசல்வரை நெல்மணிகள் சிந்திக் கிடந்தன. மாமி பாயில் ஒரு ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தார். மற்றப் பக்கம், ஒரு பிள்ளை முடங்கிப் படுக்கிற அளவுக்கு நெல் பரவியிருந்தது.

அதன்மேல் அணைத்தபடி மாமியின் கை. அந்தக் கை மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் மாமி மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"மெல்லக் கதை பிள்ளை. இப்பதான் கண்ணயர்ந்தவள்."