காயாத கூடாரம்

ஆறு கூடாரங்களில் ஐந்து, ஏரிக்கரை முகாமிலிருந்து திரும்பிய அன்றைக்கே காய்ந்துவிட்டன. ஆறாவது மட்டும் மூன்று வாரமாகியும் காயவில்லை.

பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில், மின்விசிறிகளுக்கு நேர் கீழே, கயிறுகளைப் பெஞ்சுக் கால்களில் இழுத்துக் கட்டி அதை நிறுத்தி வைத்திருந்தாள் டீச்சர். சாரணியர் படையைப் பதினோரு வருடமாக நடத்துகிறவள் அவள்; ஈரக் கூடாரத்தைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவள். வெளியே சாயங்கால வெயில் இன்னும் தணியவில்லை. உள்ளே அந்தத் துணியைத் தொட்டால் விரல் சில்லிட்டது. ஏரிப் பாசியின் வாடையும், அதற்கு அடியில், தலை துவட்டாத குழந்தையிடமிருந்து வருமே, அந்த ஈர முடியின் வாடையும் அடித்தது.

"இன்னிக்காவது கழட்டிடுங்க டீச்சர்," என்றார் வாட்ச்மேன். "இது பக்கத்துல வந்தாலே எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"துணி தடிமன். அதான்," என்றாள் அவள். அவர் வாசல் கேட் பக்கம் போய்விட்டார்.

அது சுண்டெலி படுத்திருந்த கூடாரம். படையிலேயே சின்னவள்; அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. முகாமின் மூன்றாம் நாள் பிள்ளைகள் பீப்பாய்களைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். ஏரி நடுவில் அது கவிழ்ந்தது. எல்லோருக்கும் மிதவைச் சட்டை போட்டுத்தான் அனுப்பியிருந்தாள் டீச்சர். சுண்டெலிக்கு அது பெரிது. சட்டை மட்டும் தனியாக மிதந்து கரைக்கு வந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். டீச்சரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

ஐந்து மணிக்கு அந்தக் குழந்தையின் அம்மா வந்தாள். தையல்காரி. வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள்போல, அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"அவ படுக்கைப் பை இங்கதான் இருக்குன்னாங்க."

டீச்சர் எடுத்துக் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள் அம்மா. வெகுநேரம் அதன் தையலையே விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னிக்குக் காலைல அவ பயந்தாளா? ஏதாவது சொன்னாளா?"

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டேதான் போனா."

"அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் சத்தம் மட்டும் எங்கேயோ தள்ளிப்போனது. கூடாரத்துக்குள்ளே யாரோ புரண்டு படுப்பதுபோலத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது.

"டீச்சர், எனக்குத் தண்ணின்னா பயம். நான் டென்ட்லயே இருக்கட்டுமா?"

அதே குரல். அதே சொற்கள். அன்று காலை மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் டீச்சர் சொன்ன பதில்: 'எல்லாரும் போறாங்கல்ல? பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காத. ஓடு.'

அம்மாவுக்கும் கேட்டிருந்தது. அவள் கூடாரத்தைப் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"டீச்சர்..." மறுபடியும் உள்ளேயிருந்து. "இருக்கட்டுமா?"

"கேக்குறால்ல," என்றாள் அம்மா மெதுவாக. "பதில் சொல்லுங்க."

டீச்சர் கூடாரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இரும்மா," என்றாள். "நீ அங்கயே இரு."

ஜிப் உள்ளேயிருந்து திறந்தது. நிதானமாக. ஒவ்வொரு பல்லாக.

அம்மா எழுந்தாள்.

"வேணாம்மா. போகாதீங்க."

படுக்கைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே நுழைந்தாள் அவள். ஜிப் மூடிக்கொண்டது.

மேற்கு ஜன்னலின் வெயில் துணிமேல் விழுந்திருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் நிழல் தெரிந்தது. மடியில் இன்னொரு நிழல். சின்னது.

பிறகு துணியின் அடியில் ஒரு கருத்த கோடு.

கோடு ஏறியது.

அம்மாவின் முழங்காலுக்கு. இடுப்புக்கு. டீச்சர் ஓடிப்போய் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. நகம் பிய்ந்தது. துணிக்கு அந்தப் பக்கம் தண்ணீரின் கனம். வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். குரல் வரவில்லை.

மார்புக்கு. கழுத்துக்கு.

"ஒண்ணுமில்லடா கண்ணு. அம்மா இருக்கேன்ல."

கோடு தலைக்கு மேல் போனது. நிழலின் கூந்தல் அவிழ்ந்து, மெல்ல மேலெழுந்து விரிந்தது. அளவு நாடாவும் கூடவே மிதந்தது.

கை மட்டும் நிற்கவில்லை. அந்தச் சின்னத் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.