செல்லத்துக்கு வந்த துள்ளல்

வாலுவுக்கு வயிறு எரிந்தது. பெற்ற மகளை "வாலு" என்று கூப்பிடும் அம்மா, கண்ணாடித் துண்டில் பூசிய ஊதா நிறப் புரதத்தை "செல்லம்" என்கிறாள்!

பள்ளிக்கு விடுமுறை. அம்மா அவளையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். இருட்டறையில் ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, காலையிலிருந்து முதுகையே காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, இங்க பாரேன்!"

"இரு வாலு."

"அது என்ன அவ்வளவு பெரிய ஆளா?"

"பின்னே? பச்சை வெளிச்சம் பட்டா போதும், உடனே மாறிடும். இதை வச்சு, ஒரு வெளிச்சத்தாலயே இன்னொரு வெளிச்சத்தைப் போட்டு அணைக்கலாம். நீ கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எத்தனையோ ஆயிரம் தடவை!"

"நான்கூடத்தான் வேகமா ஓடுவேன்."

"ம்ம்." அம்மா திரும்பவே இல்லை.

வாலு கடுப்பில் மறுபடியும் தரையை உதைத்தாள். செல்லம் மாறுவதைக் காட்டும் திரையில் நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு துள்ளியது.

"அய்யோ, மறுபடியுமா! நான் வெளிச்சமே காட்டலையே!" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து இதே கூத்து. மூணு மணிக்கு மேலதிகாரிங்க பார்க்க வர்றாங்க. இப்படித் தானா துள்ளினா வேலையையே நிறுத்தச் சொல்லிடுவாங்க."

நன்றாக வேண்டும் இந்தச் செல்லத்துக்கு! வாலு குஷியில் இன்னொரு உதை விட்டாள். கோடு இன்னொரு முறை துள்ளியது.

அவள் குனிந்து பார்த்தாள். உதைக்கும்போதெல்லாம் அவளுடைய ஷூவின் குதிகாலில் பச்சை விளக்கு மின்னியது!

ஓகோ! இன்னும் நாலு உதை போதும். வேலை நின்றுவிடும். அம்மா முழுக்க முழுக்க அவளுக்குத்தான். வாலு காலைத் தூக்கினாள்.

அப்போது அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா அழுகிறாளா?

தூக்கிய கால் கீழே வரவில்லை. வாலு ஷூக்களை மெதுவாகக் கழற்றிப் பைக்குள் திணித்து மூடினாள்.

கோடு ஆடாமல் அசையாமல் ஓடியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"அட, சரியாயிடுச்சே! எப்படி?"

"என் ஷூ லைட்டும்மா," என்றாள் வாலு. "சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன். எனக்கு உன் செல்லத்தைப் பிடிக்கவே பிடிக்கல."

அம்மா அறை விளக்கைப் போட்டாள். வெறுங்காலோடு நின்ற மகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"காலையிலேர்ந்து மண்டையைப் பிச்சுக்கிறேன்டி. ஒரே ஒரு தடவை உன் பக்கம் திரும்பியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"அதைத்தானே நானும் காலையிலேர்ந்து சொல்றேன்!" என்றாள் வாலு.