பல் முந்திக்கொண்டால்

நித்யஸ்ரீயின் பற்களைப் பார்த்தால் திருப்பூரில் உள்ள கத்திரிகளெல்லாம் வேலை போய்விடும் என்று நடுங்கும். பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைக் கண்டால் போதும். கை கத்திரியைத் தேடுவதற்குள் பல் கடித்து முடித்திருக்கும்.

அம்மா சித்ராதேவி, பனியன் கம்பெனி வேனிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட பிறகு, பிசிறு வெட்டும் வேலை வீட்டுக்கே வந்தது. பள்ளிவிட்டு வந்து நித்யஸ்ரீயும் உதவுவாள். ஒருநாள் ஆடிக்கொண்டிருந்த பல்லால் கடித்துவிட்டாள். கைக்குழந்தைக்கான வெள்ளைச் சட்டையில் ரத்தப்பொட்டு விழுந்தது.

கம்பெனி ஆள் சிவராஜ் அந்தச் சட்டையைக் கழித்து, முன்னால் வீசினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். வேலை நின்றால் சோற்றுக்கு வழியில்லை. நித்யஸ்ரீயைச் சேவூர் பெரியம்மா வீட்டில் விடவேண்டியதுதான். அம்மா முன்கூட்டியே அவள் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

நித்யஸ்ரீ முருகன் படத்தின் முன்னால் சத்தியம் செய்தாள். பல் கேட்கவில்லை. வாயைச் சுற்றித் துண்டு கட்டினாள். சாயங்காலத்துக்குள் பாதித் துண்டைத் தின்றிருந்தாள். உதட்டில் வேப்பெண்ணெய் தடவினாள். கொஞ்ச நாளில் அது பாயசமாக இனித்தது.

கழித்துப்போட்ட சட்டையை வீணாக்க அவளுக்கு மனமில்லை. நன்றாகத் துவைத்து, பக்கத்து அறையில் குடியிருந்த சின்னத்தாயின் குழந்தைக்குக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தக் குழந்தை போட்ட கூச்சலில் அவிநாசிக் கோயில் தேரே நின்றுவிடும் போலிருந்தது. வயிற்றுவலி என்றார்கள், கண் பட்டிருக்கிறது என்றார்கள். நித்யஸ்ரீ சட்டையின் கையை மடித்துப் பார்த்தாள்.

பல் விட்டுவைத்த நூல் வால், குழந்தையின் சுண்டுவிரலில் இறுகச் சுற்றியிருந்தது. விரல் நாவற்பழம்போலக் கறுத்திருந்தது.

ஓடிப்போய்க் கத்திரியை எடுத்து வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நூலை வெட்டினாள். விரலில் மெல்லச் சிவப்பு திரும்பியது.

"நான் கடிச்ச நூலுங்க அக்கா," என்றாள்.

சின்னத்தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "கண்டுபிடிச்சதும் நீதானேம்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், இனிமேல் கடிக்கமாட்டேன் என்று மறுபடியும் சத்தியம் செய்யச் சொன்னாள் அம்மா.

"வேண்டாங்கம்மா. சத்தியம் பண்ணினா நாள் பூரா பல்லு நெனப்பாவே இருக்குது. இப்பச் சட்டையைக் கையில எடுத்தாலே அந்த வெரலுதான் தெரியுது."

பல் அதற்குப் பிறகும் சில நேரம் முந்தப் பார்த்தது. அவள் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. சட்டைக்கைக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பாள். உடனே கை கத்திரிக்குப் போய்விடும்.

சிவராஜ் வந்து, தொலைந்த வைரத்தைத் தேடுவதுபோல ஒவ்வொரு சட்டையாகத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. புது மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அம்மா பையைப் பிரித்து, நித்யஸ்ரீயின் துணிகளை மறுபடியும் கொடியில் போட்டாள். நித்யஸ்ரீ கத்திரியோடு வந்து அவற்றின் கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.