கடைக்குள் இறங்கும் மாடிப்படி

பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்த கனாயே, யாரோ ஒருவனுடைய நெற்றியில் நேராகப் போய் முட்டிக்கொண்டாள்.

"அம்மாடி!" இரண்டு பேருமே கத்தினார்கள்.

ஜப்பானின் தோயாமா நகரத்து மழைக்குக் கேட்கவா வேண்டும்! கடைத்தெருவுக்கு மேலே போட்டிருந்த கூரை பொத்துக்கொண்டு ஒழுகியது. அவன் கையில் அவளுக்கு வந்த பார்சல்... பெட்டியின் மேலேயே செருப்புப் படம்!

"நனையுதேன்னு எடுத்தேன்," என்றவன் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தான். "ஏங்க, செருப்புக்கடை வீட்டுக்கே ஆன்லைன்ல செருப்பா?"

"உங்களுக்கென்ன வந்தது? கொடுங்க இப்படி!"

பிடுங்கிக்கொண்டாள். ஆனால் அந்தக் கண்கள்... மழையோடு சேர்ந்து சிரிக்கிற கண்கள்... சே, என்ன நினைப்பு இது!

அவன் மறுநாளும் வந்து நின்றான். பெயர் தொமோயா, ரொட்டி சுடுபவனாம். ஊரே பைபாஸ் மாலுக்கும் ஆன்லைனுக்கும் மாறிவிட, தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. அவற்றைத் திறக்க வியாபாரிகள் சங்கம் கூட்டி வந்த ஆள் இவன். ரொட்டிக்கடை போட அவனுக்குப் பிடித்ததோ, அப்பா இறந்ததும் கனாயே மூடிய இந்தக் கடைதான்.

"வாடகைக்கு விடமாட்டேன்."

"ஏன்னாவது சொல்லுங்களேன், கனாயே சான்!"

எப்படிச் சொல்வாள்? அவள் குடியிருப்பது மாடியில். படி இறங்குவது கடைக்குள். குளியலறை கடைக்குப் பின்னால். துண்டும் கையுமாக, ரொட்டி வாங்க வந்தவர்களுக்கு நடுவிலா போவது? மானம் போகாதா?

அவன் விடவில்லை. பயறுப் பூரணம் வைத்த பன்னோடு தினமும் வந்தான். ஒருநாள் பன்னைக் கடித்துக்கொண்டே காரணத்தை உளறிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு வரைபடத்தை விரித்தான்.

"நடுவுல ஒரு சுவர். சந்துப்பக்கம் உங்களுக்குத் தனி வாசல். என் மூஞ்சியையே நீங்க பார்க்க வேண்டாம்!"

பிரச்சினை தீர்ந்தது. பிறகு ஏன் அந்தக் காகிதத்தைக் கிழித்தெறியத் தோன்றுகிறது? அப்படியானால் தினமும் வந்தது கடைக்காகத்தானா? கடைக்காக வந்தால் இவளுக்கு என்ன? ஒன்றுமே புரியவில்லை கனாயேவுக்கு.

"பிடிக்கலையா?"

"ரொம்ப நல்ல சுவர்!"

"அப்புறம் ஏன் கோபம்?"

"எனக்கே தெரியல... உங்களுக்கு எப்படிச் சொல்றது?"

அவன் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். ஷட்டருக்கு அடியில் குனிந்தவன், அப்படியே திரும்பினான்.

"இந்தச் சுவர்க் கோட்டை வரையும்போது எனக்குக் கையே ஓடலைங்க. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா அதுக்காக உங்க மானத்தை வாங்க முடியுமா?"

கனாயே அந்தக் காகிதத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சுவர் வேண்டாம்," என்றாள் கனாயே, தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் தலையெல்லாம் கலைஞ்சுதான் இறங்கி வருவேன். சிரிக்கக் கூடாது."

"சிரிப்பேன். பிடிச்சவங்களைப் பார்த்தா சிரிப்பு வராதா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது... கண்ணீரோடு. இருவருமாகச் சேர்ந்து ஷட்டரை முழுக்கத் தூக்கினார்கள். துருப்பிடித்த அது போட்ட சத்தத்தில், எதிர்த் தேநீர்க்கடை அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கடை திறந்தாச்சா?"

"திறந்தாச்சு," என்றாள் கனாயே, அவன் கையைப் பற்றிக்கொண்டே.