கேட்டவர் இருக்கிறாரா

ஆள் உட்கார்ந்திருக்கும்போதே ஏ.சி. நின்றது. விளக்குகளும் அணைந்தன. பிரான்சி நிமிர்ந்தாள். தென்னூர் அலுவலகத்தில் யாரும் இல்லாவிட்டால்தான் அப்படி ஆகும். கதவு, விளக்கு, ஏ.சி. மூன்றையும் பார்த்துக்கொள்ளும் அந்தச் செயலியை எழுதியதே அவள்தான்.

காலையில்தான் அதில் ஒரு தொல்லையைத் தீர்த்திருந்தாள். ஆட்கள் போனில் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு உடனே திரையை மூடிவிடுவார்கள். தாமதமாக வரும் பதில், இல்லாத திரையைத் தேடிப் போய்ச் செயலியையே முடக்கிவிடும். அதனால் ஒரு வரி சேர்த்தாள். பதில் வந்ததும், கேட்டவர் இன்னும் இருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடு.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாகப் போகிறவர் எல்லோர் பெயரிலும் ‘கிளம்பியாச்சு’ போட்டுவிடுவது அங்கே வழக்கம். அவள் பாத்ரூமில் இருந்தபோது கூட வேலை பார்க்கும் ஆசீர் போட்டிருப்பான்; செயலி சற்றுப் பொறுத்துத்தான் எல்லாவற்றையும் அணைக்கும். எருமை, ஒரு குரல் கொடுக்க மாட்டானா.

போனில் கதவுப் பொத்தானை அழுத்தினாள். வட்டம் சுற்றியது, நின்றது. மறுபடி அழுத்தினாள். பதில் வந்திருக்கும், அவள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு இருப்பதால் அவளுடைய வரியே அதைத் தூக்கிப் போட்டிருக்கும். பின்னால் பேட்டரி அறையிலிருந்து ரப்பர் கருகும் வாடை, மூடிய கதவின் அடியில் நுழைந்து, நாற்காலிக் கால்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து வந்து, அவள் தொண்டையில் உட்கார்ந்தது. மூச்சு முட்டியது.

ஆசீரைக் கூப்பிட்டாள். எடுத்தான்.

“சொல்லு பிரான்சி.”

“கதவு திறக்கலடா. உள்ள ஏதோ கருகுது. சீக்கிரம் வா.”

“ஹலோ? பேசு. ஒண்ணும் கேக்கல.”

கத்தினாள். அவன் வைத்துவிட்டான். மாதாவே, என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இருட்டிய பிறகு படியில் செருப்புச் சத்தம். ஆசீர்தான். அப்பாடா என்றிருந்தது. ஓடினாள். கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

அவன் கையைக் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். நேருக்கு நேர். ஒரு விரல் தூரம். அவன் கண் அவளைத் தாண்டி நாற்காலிகளைத் தேடியது.

“இல்ல ஆன்ட்டி,” என்றான் போனில், அவள் அம்மாவிடம். “ஆபீஸ்ல யாரும் இல்ல. கிளம்பிட்டதாத்தான் காட்டுது.”

திரும்பிப் படியிறங்கினான்.

அவன் மூச்சு பட்ட இடம் மங்கியிருந்தது. இந்தப் பக்கம், அவள் வாயை ஒட்டி வைத்து அலறிக்கொண்டிருந்த கண்ணாடி, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.