மில் ஓடும்போது அலறாதே!

யாகப்பன் அலறினான்!

யாருக்கும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. சீமையில் யுத்தம். கடலை எண்ணெய்க்கு ஏகக் கிராக்கி. மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடலைக்காய் மில்லில் பொழுது விடிந்ததும் ஆயில் இஞ்சின் 'தட் தட் தட்' என்று ஆரம்பித்தால், மத்தியானச் சங்கு வரைக்கும் ஓயாது. கடலை உடைக்கும் மிஷின்கள் அதற்கு மேல் கூப்பாடு போடும். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் தோளைத் தட்டிக் கையை ஆட்டித்தான் சொல்ல வேண்டும்!

இந்த லட்சணத்தில், முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மூட்டைக் கிடங்கில் ஒருவன் அலறினால்?

கோணிச் சாக்கு எடுக்கத்தான் போனான் யாகப்பன். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த ஆளைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அட! உன்னத்தான் காலைலருந்து தேடறேன். ஒரு நல்ல சேதி சொல்லணும்... இரு, இந்தச் சாக்க எடுத்துக்கறேன்."

குனிந்தான்.

வந்தவன் ஓசைப்படாமல் அவனுடைய வலது பக்கம் நகர்ந்தான். யாகப்பனுக்கு வலது காது போய் ஒரு வருஷம் ஆகிறது. மில் தின்ற காது அது.

ஸ்பேனர் உயர்ந்தது...

*

சங்கு ஊதியது. இஞ்சின் நின்றது.

அதற்கப்புறம்தான் கிடங்கில் வண்டிக்காரன் போட்ட கூச்சல் ஊருக்குக் கேட்டது!

சப்-இன்ஸ்பெக்டர் மாதப்பன் வேறு ஏதோ விசாரணைக்காக ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு உடனே வந்துவிட்டார். பிணத்தைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு, தலை முதல் கால் வரை கடலைத் தொலித் தூசியோடு நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"யார்யா மொதல்ல பாத்தது?"

"வண்டிக்காரனுங்க!!!"

மாதப்பன் ஓரடி பின்னால் போனார். "ஏன்யா இந்தக் கத்து கத்தறீங்க? நான் என்ன ஆத்துக்கு அக்கரையிலயா நிக்கறேன்?"

மில் முதலாளி பச்சியப்பன் கையைப் பிசைந்தார். "மன்னிக்கணுங்க. உள்ளருந்து வந்தா இவங்களுக்குக் காது அடைச்சுக்கும். பேசறது அவங்களுக்கே கேக்காது. பொழுது சாயறதுக்குள்ள சரியாப் போயிடும்."

"போகலைன்னா?"

"யாகப்பன் மாதிரி..." முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. இது யாரோட ஸ்பேனர்?"

இஞ்சின் டிரைவர் வேடியப்பன் வெலவெலத்துப் போனான். "என்துதாங்க!!! ஆனா நான் ஒண்ணும் பண்ணலீங்க!!!"

"யாகப்பனுக்கும் உனக்கும் ஏதாவது தகராறா?"

வேடியப்பன் காதில் கையை வைத்தான். "ஆங்???"

"தகராறாய்யா?" மாதப்பனும் கத்த ஆரம்பித்துவிட்டார்!

தகராறுதான். முந்தின நாள் யாகப்பன் எல்லோருக்கும் முன்னால் கேட்டிருந்தான்... இஞ்சினை வெளியே தள்ளி நடுவில் ஒரு சுவர் வைத்தால் என்ன, மிச்சம் இருக்கிற காதாவது பிழைக்குமே என்று. 'என் இஞ்சின்மேல கைய வச்சே, கைய ஒடைச்சிடுவேன்!' என்று வேடியப்பன் குதித்ததை மில்லே பார்த்திருந்தது.

"சங்குக்கு முன்னாடி எங்கய்யா போனே?"

"பீடி குடிக்கப் பொறத்தால போனேங்க!!! கொஞ்ச நேரந்தாங்க!!! அப்புறம் இஞ்சின விட்டு நகரலீங்க!!!"

"யாராவது பாத்தாங்களா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் மட்டும் முன்னால் வந்தான்.

ஸ்தனிஸ்லாஸ். செத்துப்போனவனின் மச்சான். பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன்.

"நான் பாத்தேங்க," என்றான். கண்ணில் நீர். "காலைலருந்து மிஷின்கிட்டயேதான் நின்னுட்டிருந்தேன். வேடியப்பன் ஸ்பேனரோட கிடங்குப் பக்கம் போனத ஜன்னல் வழியாப் பாத்தேங்க."

"அப்பாடா! நீ ஒருத்தன்தான்யா மனுஷன் மாதிரி பேசற!" என்றார் மாதப்பன்.

இதை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்தனிஸ்லாஸ் மிஷினிடம் நின்றானா? மற்றவர்களைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. கொட்டகைக்குள் தூசி மேகமாகக் கிளம்பும். எல்லோரும் முகத்தில் துண்டு கட்டியிருப்பார்கள். எவன் நிற்கிறான், எவன் நிற்கவில்லை என்று யாருக்குத் தெரியும்?

வேடியப்பன் கையில் விலங்கு விழுந்தது.

"சாயங்கால ரயில்ல சேலம். அப்புறம் கோர்ட்டு. அப்புறம்..." மாதப்பன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஐயோ! நாலு புள்ளைங்கள வச்சிருக்கேங்க!!!" வேடியப்பன் போட்ட சத்தத்தில் கூரைக் காக்கைகள் பறந்தன.

*

"பாக்கியம்..."

பாக்கியமேரி முறத்தைக் கீழே வைத்தாள். வாசலில் அண்ணன்.

ஸ்தனிஸ்லாஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையைப் பிடித்துக்கொண்டான். "மனச தெடப்படுத்திக்கம்மா. மச்சான் போயிட்டாரு. அந்தப் பாவி வேடியப்பன் அடிச்சுக் கொன்னுட்டான்."

அவள் போட்ட ஓலத்தில் தெருவே திரண்டது. அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆத்தா அப்பன் இல்லாத பெண்ணுக்கு இனி யார் இருக்கிறார்கள்? இந்தத் தோள் ஒன்றுதானே!

அழுது அழுது ஓய்ந்து அவள் மூச்சு வாங்கிய நேரம்...

ஸ்தனிஸ்லாஸின் தலை சட்டென்று திரும்பியது.

"லூர்து! பாப்பா முழிச்சுக்கிச்சு பாரு!" என்று பக்கத்து வீட்டில் இருந்த தன் பெண்டாட்டிக்குக் குரல் கொடுத்தான்.

சுவருக்கு அந்தாண்ட, தூளியில், பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத அவன் பிள்ளை. அது இன்னும் அழக்கூட ஆரம்பிக்கவில்லை. லேசாக முனகியது, அவ்வளவுதான்.

பாக்கியமேரி தோளிலிருந்து தலையை எடுத்தாள். அண்ணனை ஒரு மாதிரி பார்த்தாள்.

கண்ணைத் துடைத்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"வாண்ணா... மில்லுக்குப் போலாம். அவரப் பாக்கணும்."

*

மில் கேட் அருகே மாதப்பனைத் தனியாகக் கூப்பிட்டு அவள் ஏதோ சொன்னாள். அவர் புருவம் ஏறியது.

"எல்லாரும் சுவத்தப் பாத்து நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

நின்றார்கள். விலங்கோடு வேடியப்பன். கடைசியில் ஸ்தனிஸ்லாஸ்.

மாதப்பன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பதுபோல், மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"யாருக்காவது பீடி வேணுமா?"

ஒரு தலை அசையவில்லை. பீடிக்காக உயிரையே விடும் வேடியப்பன்கூடத் திரும்பவில்லை!

"எனக்குப் பழக்கமில்லீங்க," என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

சொன்ன பிறகுதான் புரிந்தது அவனுக்கு. திரும்பினான். எதிரே தங்கச்சி!

"காலைலருந்து மிஷின்கிட்டயா நின்னுட்டிருந்தே?" பாக்கியமேரி கிட்டே வந்தாள். "நேத்து எங்க வூட்டு வாசல்ல நின்னு 'தண்ணி குடு'ன்னு நீ கத்தின கத்துல கோழியெல்லாம் வேலி தாண்டி ஓடுச்சு! சாயங்கால ஜெபம் சொல்ற நேரம் வரைக்கும் அவரும் நீயும் கத்திக் கத்தித்தான் பேசிக்கிட்டிருந்தீங்க. இன்னிக்கி என் தாலி அறுந்த சேதிய என் காதோட சொல்ற. சுவத்துக்கு அந்தாண்ட புள்ள முனகினது எனக்கே கேக்கல... உனக்குக் கேட்டுச்சே!"

"பாக்கியம்... நான்... காதுல பஞ்சு..."

"பேசாத! நேத்து இல்லாத பஞ்சு இன்னிக்கி மட்டும் எங்கருந்து வந்துச்சு? கிடங்குல ஒளிஞ்சிருந்தே. வெளிய வந்து தூசிய அள்ளிப் பூசிக்கிட்ட. சத்தத்த எப்படிண்ணா பூசிக்குவ?"

மாதப்பன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஏன்டா செஞ்சே? சொல்லு!"

ஸ்தனிஸ்லாஸ் முதலாளியைக் கைநீட்டிக் காட்டினான். முகம் கோணியது.

"இவரு செஞ்சதுதாங்க எல்லாம்! மில் கேட்டாண்ட, புளியமரத்தடியில, மூட்டைய எடை போடற வேலை... சத்தமே இல்லாத வேலை இந்த மில்லுல அது ஒண்ணுதான். அத மச்சானுக்குக் குடுக்கறேன்னுட்டாரு. காது போனவருக்கு அது எதுக்குங்க? எனக்கு ரெண்டும் நல்லா இருக்குது. இன்னும் ஒரு வருஷம் அந்த மிஷின்கிட்ட நின்னா எனக்கும் போயிடும்! என் புள்ள நாளைக்கி அப்பான்னு கூப்புட்டா எனக்குக் கேக்க வேணாமா?"

முதலாளி பச்சியப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி... காலைல யாகப்பன் எங்கிட்ட வந்தான்டா."

"எதுக்கு?" என்றார் மாதப்பன்.

"'எனக்கு ஒண்ணு போயிடுச்சுங்க, இன்னொண்ணு போனா போவட்டும். மச்சானுக்குப் புள்ள பொறந்திருக்குது. அந்த வேலைய அவனுக்குக் குடுத்துடுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். நானும் சரின்னேன். 'நீங்க சொல்லாதீங்க மொதலாளி, நானே மச்சான்கிட்ட சொல்றேன்'னு உன்னத் தேடிக்கிட்டு ஓடினான்டா!"

ஒரு நல்ல சேதி சொல்லணும்...

ஸ்தனிஸ்லாஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தான். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

பாக்கியமேரி குனிந்து அந்தக் கைகளைப் பிரித்தாள்.

"பொத்தாத. நல்லாக் கேட்டுக்க. வேத்து ஆளு செஞ்சிருந்தா அழுது தீத்துட்டுப் போயிருப்பேன். கூடப் பொறந்த நீ செஞ்சுட்டு, என் கையப் புடிச்சு ஆறுதலும் சொன்னியே... அந்தத் தோள்ல சாஞ்சு அழுதேனே! உன் புள்ள வளந்து அத்தைன்னு எங்கிட்ட வந்து அப்பா எங்கன்னு கேட்டா, நான் என்னான்னு சொல்லட்டும்?"

விலங்கு கை மாறியது. வேடியப்பனுக்கு நடந்தது பாதிதான் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் பாக்கியமேரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதான்.

"ஐயா..." ஸ்தனிஸ்லாஸ் கெஞ்சினான். "வூட்டு வழியாக் கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒருதரம்... புள்ள சத்தத்தக் கேட்டுட்டு வந்துடறேன்."

மாதப்பன் பாக்கியமேரியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கத்திக் கத்திக் கட்டிப்போயிருந்த தொண்டையைச் செருமிக்கொண்டு, அவனைத் தூக்கி நிறுத்தினார் மாதப்பன்.

"சத்தமில்லாத எடந்தானேடா கேட்டே? வா, தனிக் கொட்டடியாவே பாத்துத் தரச் சொல்றேன். அங்க ஒரு சத்தமும் வராது. பீடியும் கெடைக்காது... ஆனா உனக்குத்தான் அது பழக்கமில்லையே!"