ஏழு கிலோவும் கொசுறும்

ஏழு என்ற எண்ணைக் கேட்டாலே நண்டு பயந்தாள். ஒரு வாரமாகவே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தாள். அவளுக்கு அது தலைகீழாகவே தெரியும்.

எல்லாம் அக்கா போனில் சொன்னதால் வந்த வினை.

அக்கா தொலைவில் ஒரு கடற்கரை ஊரில் வேலை பார்க்கிறாள். நண்டின் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். ஆறு மாதத்துக்கு முன்பே மலிவு விலை விமானத்தில் நாலு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அப்பா, அம்மா, நண்டு, தம்பி வால். நாலு பேருக்கும் நாலு நாள் விடுமுறை. அம்மா தன் காய்கறிக் கடையை ஒருநாள்கூட மூடியதில்லை. அப்பா பெயின்டர், கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் அக்கா. "ஆளுக்கு ஒரு பை. பைக்கு ஏழு கிலோ. ஏழுன்னா ஏழு. ஏழேகால் இல்ல."

"கொஞ்சம் கூடிட்டா என்னக்கா பண்ணுவாங்க?"

"பணம் கேப்பாங்க. டிக்கெட் விலையை விட ஜாஸ்தி கேப்பாங்க. மலிவுன்னு யானை சைஸ்ல போட்டிருப்பாங்க, மத்ததெல்லாம் எறும்பு சைஸ்ல போட்டிருப்பாங்க. அந்த எறும்பை எல்லாம் உக்காந்து படிச்சவ நான், அதான் சொல்றேன். அப்பா அம்மாவை நம்பாதே. விட்டா வீட்டையே மூட்டை கட்டுவாங்க. எடை உன் பொறுப்பு."

"குடுக்கப் பணம் இல்லன்னா?"

"விட்டுட்டுப் போயிடுவாங்க."

யாரை விட்டுவிட்டுப் போவார்கள் என்று நண்டு கேட்கவில்லை. கேட்கவே பயமாக இருந்தது. அவளுக்குப் பயம் வந்தால் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது பக்கவாட்டில் நகர்ந்து போய் ஒளிந்துகொள்வாள். அதனால்தான் வீட்டில் எல்லோரும் அவளை நண்டு என்று கூப்பிட்டார்கள். ஆனால் போனில் பேசும்போது ஒளிய முதுகு ஏது?

பயணத்துக்கு முந்தைய நாள் மதியம் வியாபாரம் ஓய்ந்ததும், நாலு பைகளையும் அம்மாவின் கடைக்கே கொண்டு போனார்கள். வீட்டில் எடை பார்க்க வேறென்ன இருக்கிறது? கடைக்கூரைக் கொக்கியில் அம்மாவின் தராசு தொங்கியது. இரண்டு பித்தளைத் தட்டு, நடுவில் ஒரு முள். ஒன்றும் வைக்காதபோதும் அது எடைக்கல் தட்டின் பக்கம் லேசாகத் தலை சாய்த்துக்கொண்டிருக்கும். அது பழைய தராசு, கழுத்து வலிக்கிறது போல என்று நண்டு நினைத்துக்கொள்வாள்.

"முழுப் பையையும் இதுல தூக்கி வைக்க முடியாது," என்றாள் அம்மா. "தட்டு தாங்காது. ஒரு கிலோ கல்லை வெச்சுத்தான் நிறுக்கணும்."

"அப்போ கிலோ கிலோவா நிறுத்து ஏழு தடவை போடலாம்," என்றாள் நண்டு.

அப்படியே செய்தார்கள். முதலில் காலிப் பையும் செருப்பும் சேர்த்து ஒரு கிலோ. பிறகு துணி ஒரு கிலோ. இப்படிப் பைக்கு ஏழு தடவை. நண்டு ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, முள் நேராக நிற்கிறதா என்று மூக்கை முட்டிக்கொண்டு பார்த்தாள். சோப்பை வெளியே எடுத்தாள். சீப்பை உள்ளே வைத்தாள். அப்பாவின் மூன்றாவது லுங்கியைப் பிடுங்கினாள்.

"அது என் ராசியான லுங்கி," என்றார் அப்பா.

"அதுவும் ஏழுக்குள்ள வராதுப்பா."

"மேனேஜர் சொன்னா சரி."

அம்மா மட்டும் ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சோடு வந்து நின்றாள். "அங்க கிடைக்கிற வெள்ளரி பச்சத்தண்ணி மாதிரி இருக்காம். உங்கக்காதான் சொன்னா. இதை எடுத்துட்டுப் போகாம நான் வரமாட்டேன்."

வெள்ளரிக்காக நண்டு தன் கதைப்புத்தகங்களைக் கழித்தாள். பைக்கு ஆறு பிஞ்சு. முள் நேராக நின்றது.

வால் அன்றிரவு சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டான்.

"ஏன்டா?"

"என்னையும் எடை போட்டா?" அவன் ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினான். "இதுவும் விழுந்துட்டா இன்னும் கொஞ்சம் குறையும். விழவே மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நண்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

விமான நிலையம் அவள் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது. தரை கண்ணாடி மாதிரி. கால் வைத்தால் வழுக்கிவிடுமோ என்று வால் சறுக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டான். பைகளைச் சோதித்தார்கள். ஆட்களைச் சோதித்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் தராசு இருக்கிறதா என்று நண்டு தேடினாள். கடைசியாக விமானத்துக்குப் போகும் வாசல் வந்தது. அதன் பக்கத்தில், தரையோடு தரையாக, ஓர் எடை இயந்திரம் உட்கார்ந்திருந்தது. அதன் சிவப்பு எண்கள் விழித்துக்கொண்டிருந்தன.

அவர்களுக்கு முன்னால் பளபளக்கும் ஷூ போட்ட ஒருவர் நின்றார். அவர் பெட்டியின் வயிறு புடைத்திருந்தது. சீருடைப் பெண் அவரைப் பார்த்துப் புன்னகைத்து, "போகலாம் சார்" என்றாள். அடுத்து அம்மாவின் துணிப்பையைப் பார்த்தாள். அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சைப் பெயின்ட்டைப் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம் இப்படி வாங்க. பையை இதுல வைங்க."

நண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? ஆனாலும் நகர்ந்து நகர்ந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அம்மாவின் பை: 7.35.

அப்பாவின் பை: 7.36.

நண்டு நோட்டை இறுக்கிப் பிடித்தாள். வாலின் பை 7.35. அவளுடையது 7.34.

"நாலு பையும் கூட இருக்கு," என்றாள் சீருடைப் பெண். "ஒவ்வொண்ணுக்கும் பணம் கட்டணும்." அவள் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"உங்க மெஷின்தான் தப்பு," என்றாள் அம்மா. "பத்தொம்பது வருஷமாத் தராசு புடிக்கிறேன். என் தராசு பொய் சொல்லாது."

"எங்க மெஷினும் பொய் சொல்லாதும்மா. போன வாரம்தான் சரி பார்த்தாங்க."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலை. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. இருபது நிமிஷத்துல கதவை மூடிடுவோம்."

வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். அப்பா அம்மாவை ஓரமாக இழுத்துப் போனார்.

"கத்தாதே. எங்கிட்ட மூணு பைக்குக் கட்டத்தான் இருக்கு. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன்."

"என்ன பேசறீங்க?"

"கடல் எங்கயும் ஓடிப்போயிடாது. அடுத்த தடவை பார்த்துக்கறேன்." அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு சுவரில் பாதி அடித்துவிட்டு நிறுத்திய பெயின்ட் மாதிரி இருந்தது.

விட்டுவிட்டுப் போவது அப்பாவைத்தான். ஒரு வாரமாகக் கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் இதோ எதிரே நிற்கிறது. எடை அவள் பொறுப்பு. நோட்டு அவள் கையில் இருந்தது.

அவள் நோட்டைத் திறந்தாள். ஒரு கிலோ, ஒரு கிலோ, ஒரு கிலோ. ஏழு வரிகள். எங்கே தவறு? ஒரு பை மட்டும் கூடியிருந்தால் வால் கல்லையோ கட்டையையோ திணித்துவிட்டான் என்று சொல்லலாம். நாலு பையும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடியிருக்கிறது. முந்நூற்றைம்பது கிராம். எல்லாவற்றிலும்.

முந்நூற்றைம்பதை ஏழால் வகுத்தால் ஐம்பது.

கொக்கியில் தலை சாய்த்துத் தொங்கும் தராசு அவள் கண்ணுக்குள் வந்தது.

நண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பக்கவாட்டில் வரவில்லை, நேராக வந்தாள்.

"அம்மா, காலித் தராசு ஏன் ஒரு பக்கமாச் சாயுது?"

"இப்போ அதுவா முக்கியம்?"

"சொல்லும்மா. எடைக்கல் தட்டுக்கு அடியில ஏதாவது இருக்கா?"

அம்மா மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு இரும்புத் துண்டு. கடை போட்ட புதுசுல ஒட்டினது. வாங்கிட்டுப் போறவங்களுக்கு எப்பவும் ஒரு பிடி கூடப் போகட்டும்னு. அதை மறந்தே போயிட்டேனே."

"அம்பது கிராமா?"

"அம்பதுதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏழு தடவை நிறுத்தோம். ஒவ்வொரு தடவையும் நமக்கு நாமே கொசுறு போட்டுக்கிட்டோம்."

சீருடைப் பெண் அம்மாவையே பார்த்தாள். "தராசுல கல் ஒட்டி எடையைக் குறைக்கிற ஆளைப் பார்த்திருக்கேன். கூட்டுறதுக்கு ஒட்டின ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

"என்ன பார்த்து என்ன," என்றாள் அம்மா. அவள் பையைத் திறந்து வெள்ளரிப் பிஞ்சுகளை அள்ளினாள். குப்பைத்தொட்டி வரை போனாள். அங்கே கை நின்றுவிட்டது. நல்ல காயைக் குப்பையில் போட்டு அந்தக் கைக்குப் பழக்கமில்லை.

"போடாதம்மா," என்றாள் நண்டு. "ஒவ்வொரு பையிலயும் கூட இருக்கிறது நம்ம பங்கே இல்ல. கொசுறு. கொசுறை யாருக்குக் குடுப்ப?"

அம்மா திரும்பி வரிசையைப் பார்த்தாள். நூறு பேர் நின்றார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக் களைத்துப்போன நூறு பேர்.

"பைக்கு நாலு எடுத்தாப் போதும்," என்றாள் நண்டு. "மொத்தம் பதினாறு. அக்காவுக்கு எட்டு மிஞ்சும்."

முதல் ஆளிடம் நண்டு தானே போனாள். அவர்தான் கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டவர்.

"வெள்ளரி சாப்பிடுறீங்களா? எங்க கடைக் காய்."

அவர் புருவத்தை உயர்த்தினார். "எவ்வளவு?"

"சும்மாத்தான். எங்களுக்கு எடை குறையணும்."

அவர் வாங்கிக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பின்னால் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கையை நீட்டியது. "இங்க ஒண்ணு குடும்மா" என்றது ஒரு குரல். "எனக்குப் பாதி போதும்" என்றது இன்னொன்று. அம்மாவுக்குக் கடையில் நிற்கிற நினைப்பே வந்துவிட்டது. "தள்ளாதீங்க, வரிசையா வாங்க" என்று அதட்டினாள். அவர்கள் ஏற்கெனவே வரிசையில்தான் நின்றார்கள்.

பதினான்கு காலி. வால் ஒன்றை எடுத்து ஒரே கடி. உடனே வாயைப் பொத்திக்கொண்டான். கையை எடுத்தபோது உள்ளங்கையில் முன்பல் இருந்தது.

"இப்போ என்னை எடை போடுங்க," என்று இயந்திரத்தின் மேல் ஏறி நின்றான்.

"இறங்குப்பா, பை ஏறட்டும்," என்றாள் சீருடைப் பெண். இந்த முறை அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

6.93. 6.95. 6.91. நண்டு கடைசிப் பையை வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் திற," என்றார் அப்பா.

6.94.

பதினாறாவது பிஞ்சை நண்டு சீருடைப் பெண்ணிடம் நீட்டினாள்.

"டியூட்டியில சாப்பிடக் கூடாது," என்றாள் அவள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினாள். "நாலு பேரும் போகலாம்."

நாலு பேரும். நண்டு அந்தச் சொல்லை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

விமானத்துக்குள் பளபள ஷூக்காரர் தன் பெட்டியை மேல்தட்டில் ஏற்ற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஒரே தூக்கில் ஏற்றி வைத்தார்.

"பதினஞ்சு கிலோவுக்குக் குறையாது சார்," என்றார், மிகவும் மரியாதையாக.

ஷூக்காரர் சன்னலுக்கு வெளியே எதையோ தேட ஆரம்பித்தார்.

விமானம் உறுமிக்கொண்டு ஓடியது. நண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா அதைவிட இறுக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெயின்ட் அடிக்கச் சாரத்துல மூணாவது மாடி வரைக்கும் ஏறியிருக்கேன்," என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டே. "இது அதைவிடக் கொஞ்சம் உசரம், அவ்வளவுதான்."

தரை கீழே நழுவியது. வீடுகள் தீப்பெட்டி ஆயின. கொஞ்ச நேரம் கழித்து அம்மா காதருகே குனிந்தாள்.

"திரும்பிப் போனதும் அந்த இரும்புத் துண்டைப் பேத்து எடுத்துடவா?"

நண்டு யோசித்தாள்.

"வேண்டாம்மா, அது அங்கயே இருக்கட்டும். பை நிறுக்கும்போது மட்டும் நான் கழிச்சுக்கறேன்."